மரத்துக்கு மியூசியம் உண்டு, வெட்டிய கைக்கு?

வல்லக்கோட்டை முருகன் கோவிலில் கிருத்திகைக் கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரம். கோவிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். இருவர் ஒரகடம் தொழிற்சாலைகளில் காண்டிராக்ட் தொழிலாளிகள். ஒருவர் நாற்று, நடவு, அறுப்பு என்று வயலிலேயே வயதாகிப்போன விவசாயக் கூலி. கோயம்புத்தூரில் மரத்துக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது என்று நான் பேச்சுவாக்கில் சொன்னேன்.

பெரியவர் சிரித்துவிட்டார். வாலிபத் தோழர் சிரிக்கவில்லை. "கூலிக்காரனுக்கு மியூசியம் எதுக்குண்ணே? அதனால சம்பளம் ஏறுமா? வேலை நிரந்தரம் ஆயிடுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வயிற்றுப்பாட்டுக்கே போதாத கூலி வாங்குகிறவன் இப்படித்தான் கேட்பான், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு 'ஆகாது' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. வேலை நிரந்தரத்துக்கும் மியூசியத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பலகை பேசுகிறது

நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்தே தொடங்கலாம். அது புது மரம் அல்ல. கம்பெனிகளுக்கு எந்திரச் சாமான் வந்து இறங்கும் பெட்டிப் பலகையை வாங்கி ஆணி அடித்தது. நம் பக்கத்துப் பழைய பலகைக் கடைகளில் இந்தச் சரக்கு குவிந்து கிடக்கும். அதன் ஓரத்தில் சூடு போட்டதுபோல் ஒரு முத்திரை இருக்கும். ஒரு கோதுமைக் கதிர்ப் படம், மரத்தைப் பதம்செய்த நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, ஓர் எண், பூச்சி சாகும்படி பக்குவம் செய்த விதத்தைக் காட்டும் குறி. பலகையின் நடுப்பாகம்வரை 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிஷம் நிற்க வேண்டும் என்பது அந்தப் பக்குவத்தில் ஒரு வகை. நாடு விட்டு நாடு போகும் பெட்டி மரத்துக்கு இந்த முத்திரை வேண்டும் என்று 2002 ஆம் ஆண்டில் உலக அளவில் விதி செய்தார்கள்.

பூச்சி செத்ததற்குச் சாட்சி இருக்கிறது. பதம்செய்த பட்டறைக்கும் எண் இருக்கிறது. மரத்தை வெட்டிய ஆள் யார், அவனுக்கு என்ன கூலி கிடைத்தது, மரம் சாயும்போது அவன் கால் தப்பியதா? இதற்கெல்லாம் முத்திரை கிடையாது!

இந்தப் பெஞ்சுப் பலகையின் கதைதான் பெரிய மியூசியங்களின் கதையும்.

யார் பெயர் நிற்கிறது?

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில், வன இலாகா வளாகத்தில் இருக்கும் காட்சிச்சாலை 1902 இல் தொடங்கப்பட்டது. திறந்து வைத்தவர் அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆம்ப்தில் பிரபு. தொடங்கியவர் காஸ் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி. அவர் பெயராலேயே அது இன்றும் காஸ் வன மியூசியம். தென்னாட்டுக் காடுகளின் மர வகைகள், காட்டில் விளையும் சரக்குகள், மரத்தை அரிக்கும் பூச்சிகள், விலங்குகளின் எலும்புகள் முதலானவற்றைச் சேர்த்து வைத்த இடம். வனக் கல்லூரியில் பயில்வோருக்கு அது பாடசாலை. பார்க்கப் போகும் நம்மவருக்கும் அறிவூட்டும் இடம். அதை நான் குறை சொல்லவில்லை.

பாலக்காட்டைத் தாண்டி மலப்புறம் ஜில்லாவுக்குப் போனால் நிலம்பூர். அங்கே தேக்குக்கென்றே ஒரு மியூசியம் 1995 இல் தொடங்கப்பட்டது. கேரள வன ஆராய்ச்சி நிலையம் அதை நடத்துகிறது. அந்த ஊரில் 1840களில் போட்ட தேக்குத் தோட்டம் ஒன்று இன்றும் நிற்கிறது. 'கானலி தோட்டம்' என்று பெயர். கானலி அப்போது மலபார் கலெக்டர். நடவு வேலையை முன்நின்று நடத்தியவர் சாத்து மேனன் என்ற நம் நாட்டு அதிகாரி. அவருக்கும் சரித்திரத்தில் ஓர் இடம் கிடைத்தது. அவருக்குக் கீழே மண்வெட்டி பிடித்தவர்களுக்கு?

நம் ஆனைமலைக்கு வருவோம். 1915 ஆம் ஆண்டு வாக்கில் அங்கே வந்த ஹ்யூகோ உட் என்ற துரை, மொட்டையடிக்கப்பட்ட மலையில் மறுபடியும் தேக்கு வளர்த்தவர். 1933 இல் இறந்தார். அவர் வளர்த்த தேக்கு மரங்களின் நடுவிலேயே அவருக்குக் கல்லறை. 'என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார்' என்ற கருத்துள்ள லத்தீன் வாசகம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது.

இன்னும் தூரம் போவோம். இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற துறைமுகத்தில் ஒரு பழைய போர்க்கப்பல் மியூசியமாக மிதந்துகொண்டிருக்கிறது. 1817 இல் பம்பாயில் மலபார் தேக்கால் கட்டிய கப்பல் அது. பெயர் என்ன தெரியுமா? 'டிரிங்கோமாலி', அதாவது நம் திருகோணமலை! அதைக் கட்டிய பார்சி மேஸ்திரி ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் பெயரைச் சரித்திரம் மறக்கவில்லை. இருநூறு ஆண்டு உப்புத் தண்ணீரில் நின்று தாங்கிய அந்தத் தேக்கைக் காட்டில் வெட்டி இழுத்தவர்கள் யார் என்பது மட்டும் தண்ணீரோடு போயிற்று.

காஸ் மியூசியம், கானலி தோட்டம், உட் கல்லறை. எல்லாம் மேலே இருந்தவர்களின் பெயர்கள். ஒரே ஓர் ஊர்ப்பெயர் மட்டும் வேலையைச் சொல்கிறது. ஆனைமலையில் மரத்தை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடம் 'டாப்ஸ்லிப்'. உல்லாசப் பயணம் போகிறவர்கள் வாய் நிறையச் சொல்லும் அந்தப் பெயர், உண்மையில் ஒரு வேலைத்தலத்தின் பெயர்.

மரம் எதற்குப் போயிற்று?

இங்கிலாந்தில் கப்பல் கட்டும் ஓக் மரம் அருகிப்போனதும் துரைமாரின் கண் நம் தேக்கின் மேல் விழுந்தது. 1848 இல் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியிடம் ஆனைமலைக் காட்டு வேலையை ஒப்படைத்தார்கள். பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு மரம் போயிற்று. அடுத்து ரயில் வந்தது. ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள் வேண்டும். 1856 இல் ராயபுரத்திலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னாட்டின் முதல் ரயில் பாதை சுமார் 63 மைல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த ஒரு பாதைக்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கட்டைகள்! 1850களில் சென்னை மாகாணத்தில் மட்டும் ரயில் கட்டைக்காக ஆண்டுக்கு 35,000 மரங்கள் சாய்க்கப்பட்டன என்று சரித்திரப் பாடநூல் கூறுகிறது.

இவ்வளவையும் சாய்த்துவிட்டு, 'காட்டைக் காப்பாற்ற வேண்டும்' என்று சர்க்கார் சட்டம் போட்டது. 1882 ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் அதுதான். காடுகளுக்கு எல்லைக்கல் நட்டார்கள். மலையில் பிறந்து வளர்ந்தவன் தன் காட்டிலேயே அத்துமீறி நுழைந்தவன் ஆனான். சமவெளி விவசாயியும் தப்பவில்லை. வயலுக்குப் போடும் தழை, அடுப்புக்கு விறகு, மாட்டுக்கு மேய்ச்சல், ஏருக்கு ஒரு கட்டை, எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டு, கட்டணம், கார்டின் தயவு! ஆக, மரத்தொழிலின் சரித்திரம் மலைவாசியின் சரித்திரம் மட்டுமல்ல. கலப்பை பிடித்தவனின் சரித்திரமும் அதில் இருக்கிறது.

ஏக்கருக்கு 1,210 குழி

உட் துரை கோட்டுப் பையில் தேக்கு விதைகளை வைத்துக்கொண்டு, கைத்தடியால் தரையில் குத்தி, துளைக்கு ஒரு விதையாகப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று ஆனைமலையில் ஒரு கதை சொல்வார்கள். கேட்க இனிமையான கதை. அவர் காட்டை நேசித்தவர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கைத்தடியால் காடு வளராது, தோழர்களே!

தேக்குத் தோட்டம் எப்படி உண்டாகிறது என்பதை விவசாயக் கூலிகளுக்கு நான் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. முதலில் புதரை வெட்டிச் சுட வேண்டும். தேக்கின் விதை கல் போன்ற ஓட்டுக்குள் இருக்கிறது. அதை நனைத்தும் காயவைத்தும் பக்குவப்படுத்தி நாற்றங்காலில் இட வேண்டும். முளைத்ததைப் பிடுங்கி, மேலும் கீழும் நறுக்கி, கடப்பாரையால் குழி போட்டு அந்தக் குச்சியை நட வேண்டும். ஆறடிக்கு ஆறடி என்று நட்டால் ஒரு ஏக்கருக்கு 1,210 குழி. ஆயிரம் ஏக்கருக்குப் பன்னிரண்டு லட்சத்துப் பத்தாயிரம் குழி! பிறகு வருஷா வருஷம் களை எடுப்பு. கோடையில் தீத்தடுப்புக் கோடு. சில ஆண்டுகள் கழித்து நோஞ்சான் மரங்களைக் கழிப்பது. ஐம்பது, அறுபது ஆண்டுகள் காத்திருந்தால்தான் மரம் உத்திரம் ஆகும். ஒருவர் ஆயுளில் முடிகிற வேலையா இது? தகப்பன் நட்டதை மகன் களையெடுத்து, பேரன் வெட்டுகிற வேலை.

மலைக்காய்ச்சலுக்கும் அட்டைக்கும் நடுவில் இதைச் செய்தவர்கள் யார்? காடர், மலசர், முதுவர், புலையர், எரவாளர் முதலிய மலைமக்களும், கீழே இருந்து பிழைப்புத் தேடி ஏறியவர்களும்தான். வெட்டிய மரத்தை யானை இழுத்தது. யானையை மலசர் நடத்தினார்கள். மாட்டு வண்டிகள் சமவெளிக்குக் கொண்டு சேர்த்தன. பக்கத்துப் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்க 1907 முதல் 1963 வரை ஒரு டிராம் பாதையே ஓடியது. காட்டை வெட்டி மலைச் சரிவில் அதற்குத் தண்டவாளம் போட்டதும் கூலிக்கைகள்தான்.

'காட்டை அழித்தவர்களுக்கா நினைவுச் சின்னம்?' என்று சிலர் கேட்கக்கூடும். எந்த மரத்தை, எத்தனை மரத்தை, யாருக்காக வெட்டுவது என்று தீர்மானித்தவன் கோடரி பிடித்தவன் அல்ல. லாபம் ஒருவனுக்கு, பழி இன்னொருவனுக்கா? நடந்ததை நடந்தபடி எழுதிவை என்றுதான் கேட்கிறோம். புகழ்மாலை கேட்கவில்லை.

பதிவேடு இல்லாதவனுக்கு உரிமை இல்லை

இனி அந்த வாலிபத் தோழரின் கேள்விக்கு வருகிறேன்.

ஆனைமலையில் கோழிகமுத்தி யானை முகாம் இருக்கிறது. அங்கே கலீம் என்ற கும்கி யானை 2023 மார்ச்சில் தன் 60 வது வயதில் ஓய்வு பெற்றது. வனத்துறையினர் அணிவகுத்து மரியாதை செய்து வழியனுப்பினார்கள். முகாம் யானைக்குப் பணிப்பதிவேடு உண்டு. பிடிபட்ட ஆண்டு, வயது, வேலை, நோய், எல்லாம் அதில் ஏறும். மிக நல்ல காரியம்! யானைக்குச் செய்ததை ஏன் செய்தாய் என்று யாரும் கேட்க வேண்டாம். மனிதனுக்கு ஏன் செய்யவில்லை என்று கேளுங்கள்.

ஏனென்றால் பதிவேடு என்பது வெறும் காகிதம் அல்ல. வன உரிமைச் சட்டம் 2006 இல் நிறைவேறியது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தை அனுபவித்து வரும் பழங்குடியினருக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்றது. பழங்குடி அல்லாதவராயிருந்தால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு காட்டில் வாழ்ந்ததையும் காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவது? பழைய சர்க்கார் ஆவணங்களைச் சாட்சியாக வைக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கினால் அதையும் சாட்சியாக ஏற்கலாம் என்று அச்சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. 1930 இல் தேக்கு நட்ட கூலியின் பெயர் ஒரு கூலிப்பட்டியலில் இருந்தால், அந்தப் பழுப்பேறிய தாள் அவன் பேரனுக்கு அரணாகும். அந்தத் தாள் கரையானுக்குப் போனால் பேரனின் வழக்கில் ஒரு சாட்சி செத்தது என்று அர்த்தம்!

மாஞ்சோலையைப் பாருங்கள். பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்பது 1863 இல் பர்மாவின் தேக்கை வெட்டி விற்பதற்காகத் தோன்றிய கம்பெனி. அதன் மரத்தகராறைச் சாக்காக வைத்தே 1885 இல் ஆங்கிலேயர் பர்மா மன்னன்மேல் படையெடுத்தார்கள். அதே கம்பெனி 1929 இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு மலையை எடுத்துத் தேயிலை போட்டது. 2028 இல் குத்தகை முடிய வேண்டும். அதற்கு முன்பே 2024 இல் தோட்ட வேலையை நிறுத்தி, தொழிலாளிகளை விருப்ப ஓய்வில் போகச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் 'நாங்கள் எங்கே போவது?' என்று கேட்டார்கள். கம்பெனியின் சரித்திரம் புத்தகங்களில் பத்திரமாக இருக்கிறது. லயன் வீடுகளின் சரித்திரம் மூட்டை முடிச்சோடு மலையிறங்குகிறது.

நம் ஒரகடத்துக்கே வருவோம். 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அந்த 480 நாளுக்குச் சாட்சி எது? வருகைப் பதிவேடு. அது யார் கையில்? காண்டிராக்டர் கையில்! காண்டிராக்டர் மாறினால் பதிவேடும் மாறும், பெயரும் மறையும். காட்டில் நூறு ஆண்டுகளுக்கு முன் மரம் இழுத்தவனுக்கு நேர்ந்ததும், இன்று கண்ணாடிக் கட்டடத்தில் காருக்குத் திருகு முடுக்குகிறவனுக்கு நேர்வதும் ஒன்றுதான். உழைப்பு அங்கே நிற்கிறது. உழைத்தவன் பெயர் துடைக்கப்படுகிறது.

வேலை நிரந்தரத்துக்கும் மியூசியத்துக்கும் என்ன உறவு என்று இப்போது விளங்குகிறதா, தோழர்களே? நேற்றைய கூலியின் பெயரைப் பாதுகாக்கப் பழகாத நாடு, இன்றைய கூலியின் பெயரையும் பாதுகாக்காது.

என்ன செய்ய வேண்டும்?

காஸின் பெயரை எடு என்று நாம் கேட்கவில்லை. உட் துரையின் கல்லறைக்குப் பூ வைக்கிறவர்கள் வைக்கட்டும். அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் உழைத்தவர்களுக்கும் இடம் வேண்டும் என்கிறோம். நமது கோரிக்கைகள் எளிமையானவை.

முதலாவது, கோவை வன மியூசியத்தில் உழைப்பாளிகளுக்கென்று ஓர் அறை வேண்டும். கோடரி, கடப்பாரை, இழுசங்கிலி, யானைக்கட்டுக் கயிறு, கூலிச்சீட்டு ஆகியவற்றை வைத்து, அவற்றைப் பிடித்த கையின் கதையையும் எழுத வேண்டும். எந்தத் தேக்கு எவ்வளவு கனம் தாங்கும் என்று சொல்வதுபோல், ஒரு கனஅடி மரத்துக்கு எத்தனை ஆள் கூலி ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வன அலுவலகங்களில் கிடக்கும் பழைய கூலிப்பட்டியல்களைக் கழிவுத்தாள் என்று தள்ளக்கூடாது. அவற்றைப் படமெடுத்து, அந்தந்த மலைக்கிராமத்தின் கிராம சபைக்கு ஒரு பிரதி தர வேண்டும்.

மூன்றாவது, அவசரமானது. ஆனைமலை 1976 இல் சரணாலயம் ஆயிற்று. 2007 இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. 1996 டிசம்பர் 12 இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு காட்டு மரம் வெட்டுவதை நாடு முழுவதும் கட்டுப்படுத்தியது. ஆகவே மரவேலையை நேரில் செய்தவர்கள் இன்று கிழவர்கள். ஆண்டுதோறும் அவர்களில் சிலர் மறைகிறார்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே இப்போதே பதிவு செய்ய வேண்டும். நாற்று நட்டு, களையெடுத்து, தலையில் சுமந்த பெண்களை இதில் விட்டுவிடக்கூடாது. பத்து ஆண்டு கழித்துக் கட்டுகிற பளிங்கு மண்டபம் இதற்கு ஈடாகாது.

நான்காவது கோரிக்கை சர்க்காரிடம் அல்ல, நம்மிடமே. நினைவைக் காப்பது நமக்குப் புதிது அல்ல. 1946 ஜனவரி 8 இல் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளிகள் நால்வரின் பெயரைக் கோவைத் தொழிலாளி இன்றும் சொல்கிறான். 1968 டிசம்பர் 25 இல் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரின் பெயர்களைக் கூலிக்காரர்கள் தங்கள் காசில் காத்தார்கள். எந்தக் கவர்னரும் வந்து அதற்கு ரிப்பன் வெட்டவில்லை. சாவை நினைவில் வைக்கத் தெரிந்த நாம், அன்றாட வேலையையும் எழுதி வைக்கப் பழக வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒரு தகரப் பெட்டி வையுங்கள். சம்பளச் சீட்டு, கேட் பாஸ், அடையாள அட்டை, கூடுதல் வேலை செய்த நாள்கணக்கு எல்லாவற்றிலும் ஒரு பிரதி அதில் விழட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் நூறு நாள் வேலை அட்டைகளையும், எந்த ஏரிக்கரையை யார் உயர்த்தினார்கள் என்ற கணக்கையும் அதில் போடுங்கள். அதுதான் நம் முதல் மியூசியம். அதற்குக் கவர்னர் தேவையில்லை. ஒரு பூட்டும் இரண்டு சாவியும் போதும்.

இதையெல்லாம் அன்று டீக்கடையிலேயே சொன்னேன். வாலிபத் தோழர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஒரு பழைய கேட் பாஸை எடுத்துப் பார்த்தார். மூன்று காண்டிராக்டருக்கு முந்தியதாம். "தூக்கிப் போடலாம்னு இருந்தேன்" என்றார்.

போடாதீர்கள், தோழரே. யாரும் போடாதீர்கள்! மரத்தின் சரித்திரத்தோடு மனிதனின் சரித்திரத்தையும் வை என்று சர்க்காரைக் கேட்போம். கேட்கும்போதே நம் பெட்டியையும் நிரப்புவோம்!